படிக்க ஒரு மூலை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்க வீட்ல கேக் வேகும். ஓவன் எல்லாம் கிடையாது. பழைய குக்கர்ல கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழட்டிட்டு, அடியில மணலைக் கொட்டி, அதுமேல மாவுக் கிண்ணத்தை வைத்து மூடுவாள் என் மகள். முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் நான் ஜன்னலோரம் உக்காந்து படிப்பேன். யாரும் பேசமாட்டோம். வாசனை மட்டும் வீடு முழுக்க நடமாடும்.

ஒருநாள் அப்படி இருந்தபோது தோழர் ஒருவர் வந்தார். "என்ன தோழர், வெளிய இவ்ளோ பிரச்சன நடக்குது, நீங்க கேக் சுட்டுக்கிட்டு கத படிக்கிறீங்களே" என்றார். சிரிச்சிக்கிட்டேதான் சொன்னார். ஆனா தைச்சுது. அப்போது வாயில் வராத பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அம்பேத்கர் என்றால் 1927 மகாத், 1932 பூனா, 1956 நாக்பூர் என்றுதான் நாம் பேசுகிறோம். எல்லாம் கூட்டத்துக்கு நடுவில் நடந்தவை. உட்கார்ந்து படிக்க ஒரு மூலை தேடி அந்த மனிதர் அலைந்த கதையை நாம் வரலாறாக எண்ணுவதில்லை.

சிறுவயதில் பம்பாய் பரேலில் ஒரே அறை. அதிலேயே அடுப்பு, விறகு, புகை, ஓர் ஓரத்தில் ஆடு. அப்பா ராம்ஜி, பையனைச் சீக்கிரமே தூங்க வைத்துவிட்டு, தான் விழித்திருந்து ராத்திரி 2 மணிக்கு எழுப்பிவிடுவார். பையன் எழுந்த இடத்தில் அப்பா படுப்பார். ரெண்டு பேரும் சேர்ந்து படுக்க இடமில்லை. அந்தப் பையன்தான் 1907இல் மெட்ரிக் தேறினான்.

1917இல் லண்டனிலிருந்து திரும்பும்போது தனியே கப்பலில் அனுப்பிய புத்தகங்கள் கடலில் மூழ்கின. பரோடா சமஸ்தானத்தில் வேலை இருந்தது, வீடு இல்லை. பார்சிகளின் விடுதியில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். பெரிய கூடம், தட்டுமுட்டுச் சாமான், ஒரு அரிக்கேன் விளக்கு. தனிமை தாங்காமல் புத்தகத்துக்குள் புகுந்துகொண்டால், தலைக்குமேல் வௌவால்கள் பறந்து கவனத்தைக் கலைத்தன. இதை அவரே எழுதியிருக்கிறார். பதினோராம் நாள் தடியோடு வந்து வெளியேறச் சொன்னார்கள். ஒரு பூங்காவில் மரத்தடியில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய்க்கு ரயிலேறினார்.

டவுனில் வாடகை வீடு தேடிய காலத்தில், "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்விக்கு நானும் பல திண்ணைகளில் நின்று பதில் சொல்லியிருக்கிறேன். அதனால் அந்த மரத்தடியை எனக்குத் தெரியும்.

மறுபடி லண்டன் போனார். காலையில் பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்துக்குப் போனால் மூடும்வரை அங்கேதான். ராத்திரி பசிக்கு, தெரிந்தவர் கொடுத்த அப்பளத்தில் நாலு எடுத்துத் தகரத் தட்டில் வாட்டித் தின்றுவிட்டு மறுபடி படிப்பு. அந்த அப்பள வாசனையில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். சான்று கேட்காதீர்கள்.

1930களின் தொடக்கத்தில் தாதர் இந்து காலனியில் ராஜகிருகம் கட்டினார். பழைய மகத நாட்டுத் தலைநகரின் பெயர். புத்தகங்களுக்காகவே கட்டிய வீடு. வௌவால் கூடத்தில் படித்தவருக்கு இப்போது சொந்த விளக்கு, சொந்த நாற்காலி, தானே பூட்டிக்கொள்ளக்கூடிய கதவு. 2020 ஜூலையில் அந்த வீட்டின் ஜன்னல் கண்ணாடியையும் பூந்தொட்டிகளையும் உடைத்தார்கள். பூந்தொட்டி மேல என்ன கோபம்? அவன் வீட்ல பூ வளர்றதுதான் கோபம். தோழரே, அதனாலதான் சொல்றேன், நாம வீட்ல நிம்மதியா இருக்கறதும் லேசான காரியமில்ல.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. அவர் படித்த காலமெல்லாம் வறுமையில் குடும்பத்தைச் சுமந்தவர் ரமாபாய். 1935 மே 27இல், அதே ராஜகிருகத்தில் இறந்தார். அந்தப் பெரிய வீட்டில் அவருக்கென்று ஒரு மூலை இருந்ததா? எங்க அம்மாவும் கடைசிவரை அடுப்படியைத் தவிர வேற மூலை பாக்கல. எங்க வீட்லயும் படிக்கிறது நான், சுடுறது மகள்.

போன ஞாயிற்றுக்கிழமை மாவை நான் கலக்கினேன். மணல் போட மறந்துபோய் கேக் அடிபிடித்து வீடெல்லாம் ஒரே கருகல் நாத்தம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.