கடிந்துரைக்கும் ஆங்கிலச் சொற்கள்

ஆங்கிலத்தில் ஏசுவதற்கும் ஒறுப்பதற்கும் உரிய சொற்கள் மிகப் பல. அவற்றைப் பொருளோடு மனப்பாடம் செய்யும் மாணாக்கர், அவற்றுள் சில நீதிமன்றத்திலும், சில ஆற்றங்கரையிலும், ஒன்று ஓர் உருளைக்கிழங்குக் காட்டிலும் வழங்கி வளர்ந்தவை என்பதை அறியார். அகராதியில் ஒருபொருட் கிளவிகளாக அடுத்தடுத்து நிற்கும் அச்சொற்கள், யார் யாரை ஏசலாம், யார் ஏசினால் குற்றம் என்ற பழைய கணக்கைத் தம்முள் மறைத்து வைத்திருக்கின்றன.

ஆசிரியர்கள் நன்கறிந்த சொற்களிலிருந்தே தொடங்கலாம். சாஸ்டைஸ், காஸ்டிகேட் ஆகிய இரண்டும் ஒரே வேரின. இலத்தீனில் காஸ்டுஸ் என்பது தூய்மையானது என்று பொருள்படும். தூய்மையாக்குதல் திருத்துதலாகி, திருத்துதல் அடித்தலாயிற்று. டிசிப்ளின் என்னும் சொல்லின் கதை இன்னும் வியப்பானது. டிசிப்புலுஸ் என்றால் மாணாக்கன். டிசிப்ளினா என்றால் கல்வி. அச்சொல்லே பிற்காலத்தில், கிறித்தவ மடங்களில் துறவியர் தம்மைத்தாமே அடித்துக்கொண்ட சாட்டைக்கும் பெயராயிற்று. இது சொல்லின் குற்றமன்று, கற்பித்தவர்களின் குற்றமே.

இனி, ஏசுதலைக் குறிக்கும் ஸ்கோல்ட் என்ற சொல்லை நோக்குவோம். பழைய நார்ஸ் மொழியில் ஸ்கால்ட் என்றால் புலவன். அதிலிருந்தே இது வந்ததென்பது சொல்லாய்வாளர் பலர் கருத்து. புலவனுக்கும் ஏச்சுக்கும் என்ன உறவு என்று தமிழாசிரியர் எவரும் கேட்கமாட்டார். காளமேகத்தின் வசைப்பாட்டை அறிந்தவர்களுக்கு அது விளங்கும். வட நாட்டுப் புலவர்களின் வசையும் அஞ்சத்தக்கதாகவே இருந்தது. ஐஸ்லாந்தின் பழைய சட்டத் தொகுப்பாகிய கிராகாஸ், ஒருவரை இகழ்ந்து பாடுவதையே குற்றமாக்கியிருந்தது.

ஆண் புலவனைக் குறித்த அச்சொல், ஆங்கில மண்ணில் வாயாடிப் பெண்ணின் மேல் ஏறியது. அண்டை அயலாரோடு ஓயாது சண்டையிட்டு அமைதியைக் குலைப்பவள் 'காமன் ஸ்கோல்ட்' எனப்பட்டாள். அது சட்டப்படி குற்றம். 1769-இல் வெளிவந்த தம் சட்ட விளக்க நூலின் நான்காம் பகுதியில் பிளாக்ஸ்டன், சட்ட இலத்தீன் இக்குற்றத்தைப் பெண்பாலுக்கே உரியதாக்கியுள்ளது என்று குறிக்கிறார். பண்ணையாளை நாள் முழுதும் ஏசிய நிலக்கிழானுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. தெருவில் நின்று ஏசிய ஏழைப் பெண்ணுக்கோ ஒரு நாற்காலி காத்திருந்தது. நீண்ட மரத்தின் நுனியில் கட்டிய அந்நாற்காலியில் அவளை இருத்திக் குளத்திலோ ஆற்றிலோ அமிழ்த்தி எடுப்பர். அதற்குப் பிளாக்ஸ்டன் தரும் பெயர்களுள் ஒன்று காஸ்டிகேட்டரி. தூய்மையாக்கும் கருவியாம்! ஸ்காட்லாந்திலோ, 16-ஆம் நூற்றாண்டு முதல், தலையில் இரும்புக் கூட்டை மாட்டி நாவை ஓர் இரும்புத் தகட்டால் அழுத்தினர்.

இங்கிலாந்தின் லெமின்ஸ்டர் நகரில் 1809-இல் ஜென்னி பைப்ஸ் என்ற பெண் நீரில் அமிழ்த்தப்பட்டாள். நாற்காலியிலிருந்து அவிழ்த்ததும் அவள் வாயிலிருந்து முதலில் வந்தவை நடுவர்கள் மீது பொழிந்த வசைகளே என்பர். 1817-இல் அதே ஊரில் வேறொரு பெண்ணை நாற்காலியில் வைத்து ஊர்வலமாகக் கொண்டு சென்றனர். ஆனால் நீர் குறைவாக இருந்தமையால் அமிழ்த்த இயலவில்லை. அமெரிக்காவில் 1829-இல் ஆனி ராயல் என்ற பெண் எழுத்தாளர் மீதும் இக்குற்றம் சாட்டப்பட்டது. நாற்காலிக்குப் பதில் 10 டாலர் தண்டம் விதித்தனர். இங்கிலாந்தில் இக்குற்றம் சட்டத்திலிருந்து நீங்கியது 1967-இல்தான்.

'கலகச் சட்டத்தை வாசித்தல்' என்றொரு வழக்கும் உண்டு. குறும்பு செய்யும் பிள்ளைகளைத் தாய் கடுமையாக எச்சரிப்பதை இப்படிச் சொல்வர். அச்சட்டம் 1715-இல் நடைமுறைக்கு வந்தது. பன்னிருவரோ அதற்கு மேற்பட்டவரோ கூடிக் கலகம் செய்தால், அதிகாரி அறிவிப்பை உரக்க வாசிப்பார்; ஒரு மணி நேரத்தில் கலையாதவர்க்கு அன்று மரண தண்டனை. வீட்டில் தாய் வாசிக்கும் சட்டம் அவ்வளவு கொடிதன்று.

இதுவரை கூறியவை மேலிருந்தோர் கீழிருந்தோரை ஒறுத்த சொற்கள். கீழிருந்தோர் படைத்த சொல் ஒன்றும் உண்டு. அதுவே பாய்காட். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் எர்ன் பிரபுவின் நிலங்களுக்கு முகவராக இருந்தவர் சார்லஸ் பாய்காட். 1880 செப்டம்பரில், வாரம் கட்டாத குடியானவர்களை வெளியேற்ற அவர் முனைந்தார். அதே மாதம் 19-ஆம் நாள் என்னிஸ் நகரில் பார்னெல் என்ற தலைவர், பிறனை வெளியேற்றிய நிலத்தை எடுப்பவனோடு வழியிலும் கடையிலும் பேச்சுக் கொடாது ஒதுக்குமாறு மக்களிடம் கூறியிருந்தார். மேயோ மக்கள் அந்த முறையை முகவர் மீதே செலுத்தினர். வேலையாட்கள் நின்றுகொண்டனர், கடைக்காரர் சரக்குக் கொடுக்க மறுத்தனர். விளைந்த உருளைக்கிழங்கும் பிற பயிரும் நிலத்திலேயே கிடந்தன. நவம்பரில் அல்ஸ்டரிலிருந்து 50 ஆட்கள் வந்து, படையினரின் காவலில் அறுவடை செய்தனர். ஏறத்தாழ 500 பவுன் பெறுமான விளைச்சலைக் காக்க ஆன செலவு 10,000 பவுன் என்பர்.

இந்த ஒறுத்தலுக்கு என்ன பெயரிடுவது என்ற கேள்வி எழுந்தது. ஏதென்சு நகரத்தார் ஓட்டுச் சில்லில் பெயரெழுதி ஒருவரைப் பத்தாண்டு நாடு கடத்திய வழக்கத்திலிருந்து வந்த ஆஸ்ட்ரசைஸ் என்ற சொல் இருந்தது. அது குடியானவர் வாயில் நுழையாது என்று கருதிய ஓமாலி என்ற ஊர்ப் பாதிரியார், அமெரிக்கச் செய்தியாளர் ரெட்பாத்திடம் முகவரின் பெயரையே சொல்லாக்கலாம் என்றாராம். பாய்காட் 1880 டிசம்பர் 1-ஆம் நாள் அயர்லாந்தை விட்டு இங்கிலாந்துக்குப் போனார். அவர் பெயரோ பிரெஞ்சு, செர்மன் முதலிய மொழிகளிலும் வினைச்சொல்லாகக் குடியேறியது.