தாவர இறைச்சி

தாவர இறைச்சி என்பது சோயா, பட்டாணி, கோதுமை போன்றவற்றின் புரதத்தைக் கொண்டு, இறைச்சியின் நாரும் மெல்லும் பதமும் சுவையும் வருமாறு செய்யப்படும் உணவு. தமிழ்நாட்டில் நெடுநாளாகப் புழக்கத்தில் உள்ள இதன் எளிய வடிவம் மீல் மேக்கர் எனப்படும் சோயா உருண்டை. கபாப், சாசேஜ், கீமா, நக்கெட் வடிவில் வரும் புதிய தயாரிப்புகளுக்கு இந்தியாவில் பெங்களூர் ஒரு முக்கியச் சந்தை. விலங்கின் செல்களை ஆய்வகத்தில் பெருக்கி எடுக்கும் வளர்ப்பு இறைச்சி இவ்வகையில் சேராது.

வரலாறு

கோதுமை மாவைப் பிசைந்து, நீரில் அலசி, மாச்சத்தை நீக்கினால் ரப்பர் போன்ற புரதம் மிஞ்சும். சீனத்துப் பௌத்த மடங்களில் இதையும் டோஃபுவையும் இறைச்சிக்கு ஈடாகச் சமைத்தனர். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களின் சைவ உணவகங்களில் கிடைக்கும் சைவ மட்டன் கறி அந்த மரபின் தொடர்ச்சி. தமிழர் சமையலில் பிஞ்சுப் பலா, காளான், வாழைப்பூ, சேனை ஆகியவை கறிமசாலாவுடன் இறைச்சியின் இடத்தைப் பிடித்தன.

தொழிற்சாலை முறை 20ஆம் நூற்றாண்டில் வந்தது. சோயாப் புரதத்தை நூலாக இழுக்கும் முறைக்கு அமெரிக்கரான ராபர்ட் பாயர் 1954இல் காப்புரிமை பெற்றார். 1960களில் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் நிறுவனம் சோயா மாவை அழுத்தத்தில் பொரியவைக்கும் முறையை உருவாக்கியது. இன்றைய மீல் மேக்கர் இம்முறையில்தான் தயாராகிறது.

இந்தியாவில் மலிவான தாவரப் புரதத்துக்கான தேடல் ஊட்டக்குறைவைப் போக்கும் முயற்சியாகத் தொடங்கியது. 1950இல் திறக்கப்பட்ட மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், நிலக்கடலைப் பிண்ணாக்கு மாவையும் கடலை மாவையும் கலந்து பல்நோக்கு உணவு என்ற சத்துமாவைத் தயாரித்தது. 1960களில் மத்தியப் பிரதேசத்தில் சோயா சாகுபடி வேர்கொண்டது. எண்ணெய் எடுத்தபின் மிஞ்சிய மாவுக்குச் சோயா உருண்டை நல்ல வழியானது. ருச்சி சோயாவின் நியூட்ரிலா அதை வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தது. இலங்கையில் சோயா மீட் அன்றாடக் கறிகளில் ஒன்றாகிவிட்டது.

அசைவம் உண்பவரையே வாடிக்கையாளராகக் கருதும் போக்கு பின்னர் வந்தது. அமெரிக்காவில் பியாண்ட் மீட் 2009இலும் இம்பாசிபிள் ஃபுட்ஸ் 2011இலும் தொடங்கின. இந்தியாவில் உதய்பூரின் குட்டாட், மும்பையின் புளூ டிரைப், பெங்களூரின் ஷாகா ஹாரி ஆகியவை இத்துறையில் அறியப்பட்ட பெயர்கள். ஷாகா ஹாரியில் கிரிக்கெட் வீரர் மகேந்திர சிங் தோனி 2022இல் முதலீடு செய்தார்.

தயாரிப்பு

எண்ணெய் நீக்கிய சோயா மாவில் சுமார் 50 விழுக்காடு புரதம் உண்டு. மேலும் பிரித்தெடுத்தால் இது 90 விழுக்காடு வரை உயரும். மாவை நீருடன் கலந்து, சூடான குழாயினுள் திருகு அச்சால் நெருக்கித் தள்ளுவர். வெளியே வரும்போது அழுத்தம் சட்டெனக் குறைவதால் நீர் ஆவியாகி, பஞ்சு போன்ற உருண்டை கிடைக்கிறது. நீரைக் கூட்டி, குழாயின் முனையைக் குளிர்வித்தால் மாவு பொங்காது. புரதம் ஒரே திசையில் இழையாக அமைந்து, கோழிச் சதைபோல் பிரியும். நவீனத் தயாரிப்புகள் பலவற்றுக்கு இதுவே அடிப்படை. கொழுப்புக்குத் தேங்காய் எண்ணெய், நிறத்துக்குப் பீட்ரூட், கட்டிப்பிடிக்க மெத்தில்செல்லுலோஸ் போன்றவை சேர்க்கப்படுகின்றன. சோயா வேர்முடிச்சில் உள்ள ஹீம் புரதத்தை ஈஸ்ட் வழியே தயாரித்து, இரத்தச் சாயலும் இறைச்சி மணமும் வரவைக்கிறது இம்பாசிபிள்.

பெங்களூர்ச் சந்தை

உறைநிலையில் விற்கப்படும் தாவர இறைச்சிக்குக் குளிர்சங்கிலி வேண்டும். வீட்டுக்கே கொண்டுவந்து தரும் செயலிகள் வேண்டும். பிக்பாஸ்கெட், ஸ்விகி ஆகியவை பிறந்த பெங்களூரில் இவை இரண்டும் எளிதாக வாய்த்தன. கோழி, மீன் விற்கும் பெங்களூர் நிறுவனமான லிஷியஸ்கூட 2022இல் அன்கிரேவ் என்ற பெயரில் தாவர இறைச்சியை இறக்கியது.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21), இந்திய ஆண்களில் 10இல் 8 பேருக்கு மேலும் பெண்களில் ஏறக்குறைய 7 பேரும் அசைவம் உண்பவர்கள். ஆனால் பலருக்கு அது வாரத்தில் ஓரிரு நாள் உணவு. தாவர இறைச்சியின் விலை பெரும்பாலும் கோழிக்கறியைவிடக் கூடுதலாக இருப்பதால் அது இன்னும் நகர்ப்புற உணவாகவே உள்ளது.

ஊட்டமும் சூழலும்

100 கிராம் உலர்ந்த மீல் மேக்கரில் சுமார் 52 கிராம் புரதம் உண்டு. ஆனால் ஊறியபின் அதே எடையில் புரதம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். பிஞ்சுப் பலாவில் 100 கிராமுக்குச் சுமார் 2 கிராம் புரதமே இருப்பதால், பதத்தில் இறைச்சியை ஒத்தாலும் சத்தில் அதற்கு ஈடாகாது. தாவர உணவில் பி12 வைட்டமின் இயல்பாகக் கிடைப்பதில்லை. தனியே சேர்க்க வேண்டும். பதப்படுத்திய வகைகளில் உப்பு மிகுதி. சோயா, கோதுமை ஒவ்வாமை உள்ளவர்கள் இவற்றைத் தவிர்க்க வேண்டும்.

மாட்டிறைச்சியுடன் ஒப்பிட்டால் நிலம், நீர், பசுங்குடில் வாயு ஆகியவற்றில் மிச்சம் பெரிது. கோழியுடன் ஒப்பிட்டால் அது குறைவு. இந்தியாவின் இறைச்சி உற்பத்தியில் ஏறத்தாழ பாதி கோழி என்பதால், மேலைநாட்டுக் கணக்கை அப்படியே இங்கே பொருத்த முடியாது.

சட்டம்

இந்திய உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணய ஆணையம் 2022இல் நனிசைவ உணவுக்கான விதிகளை வெளியிட்டது. அதன்படி பால், தேன் உட்பட விலங்குவழிப் பொருள் எதுவும் கலவாத உணவுக்கே இலையுடன் கூடிய பச்சை நிற 'வி' முத்திரை கிடைக்கும். சைவ உணவுக்கான பச்சைப் புள்ளி வேறு: அது உள்ள பொருளில் பால் இருக்கலாம். ஆகவே நனிசைவர்கள் முத்திரையையும், மற்றவர்கள் புரதம், உப்பு அளவுகளையும் உறையில் பார்த்து வாங்குவதே முறை.