நன்றி என்னும் கடன்



மலைநாட்டு இளைஞர் சிலர் இன்று தொழில் நாடி யப்பானிய மொழி பயில்கின்றனர். அவர்கள் விரைவில் இடர்ப்படும் இடங்களுள் ஒன்று நன்றி கூறுதல். ஆளும் இடமும் அறிந்தே அங்கே சொல்லைத் தெரிந்தெடுக்க வேண்டும்.

நெருங்கிய தோழரிடம் 'அரிகாதோ' எனலாம். மூத்தாரிடமும் அயலாரிடமும் 'அரிகாதோ கொசாய்மாசு' என்றல் முறை. உதவி செய்து முடிந்ததாயின் 'கொசாய்மஷித்தா' என இறந்தகாலத்தால் முடிப்பர். தமக்காகப் பிறர் சிரமப்பட்டவிடத்து 'சுமிமாசென்' என்பர். மன்னிப்பு வேண்டுதற்கும் அதுவே சொல். 'தீரவில்லை' என்பது அதன் அடிப்பொருள். பட்ட கடன் இன்னும் தீரவில்லை என்பது கருத்து.

'அரிகாதோ' போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு என்பாருளர். அது பொருந்தாது. போர்த்துக்கேயர் யப்பானை அடைந்தது 1543இல். சொல்லோ அதனினும் பழையது. 'அரி' என்ற ஒலி கேட்டு நம் 'அரிது' எனவும் மயங்கலாகாது. அங்கே 'அரி' என்றால் இருத்தல்; 'கதாஷி' என்றால் கடினம். இருத்தற்கு அரியது, கிடைத்தற்கு அரியது என்பதே முழுப்பொருள்.

யப்பானியரிடம் மற்றுமொரு வழக்கம் உண்டு. உதவி பெற்ற அன்று நன்றி கூறியதோடு அமையார். மறுமுறை காணும்போதும், அன்று செய்த உதவிக்கு நன்றி என மீண்டும் கூறுவர். இவ்வழக்கத்திற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே ஒரு சான்று காட்டலாம்.

1942 ஏப்ரலில் யப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. போர் முடிந்தபின், 1951 செப்டெம்பர் 6ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் இலங்கையின் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தன பேசினார். விமானத் தாக்குதலையும், நேசநாடுகளுக்காக இரப்பர் மரங்கள் அளவின்றிச் சுரண்டப்பட்டதையும் எடுத்துரைத்தார். எனினும், பகை பகையால் தணியாது என்னும் புத்தர் போதனையைச் சுட்டி, இலங்கை இழப்பீடு கேளாது என்றார். நாற்பது ஆண்டுகள் கழிந்து, 1991இல், காமகுரா நகரின் பெரும் புத்தர் சிலையருகே யப்பானியர் அவருக்கு நினைவுக்கல் நாட்டினர். மறுமுறை கூறிய நன்றியே அக்கல்.

இவ்விடத்து நாம் எண்ண வேண்டியது ஒன்றுண்டு. இழப்பீடு வேண்டாம் என்று சொல்லும் ஆற்றல் ஒரு நாட்டிற்கு எங்கிருந்து வந்தது? அந்நாளில் இலங்கையின் ஏற்றுமதி வருவாயிற் பெரும்பங்கு தேயிலையாலும் இரப்பராலும் வந்தது. அட்டன், நுவரெலியா மலைகளிற் கொழுந்து பறித்தோரும், தாழ்ந்த மலைச்சரிவுகளில் இரப்பர் பால் வெட்டியோருள் பலரும் இந்திய வம்சாவளித் தமிழர். அவர்களிற் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். உலக அரங்கில் இலங்கை பெருந்தன்மை காட்டிய நாளில், அப்பெருந்தன்மைக்குப் பொருள் தேடித் தந்தோர் இந்நாட்டுக் குடிகளாகக் கொள்ளப்படவில்லை. எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறிற்று.

பழந்தமிழில் 'நன்றி' என்பது நன்மையையே குறித்தது. வள்ளுவர் தம் அதிகாரத்திற்கு இட்ட பெயர் 'செய்ந்நன்றி அறிதல்'. நன்றி 'கூறுதல்' என்றில்லை. 'அறிதல்' என்றே உள்ளது. செய்தவர் யார், செய்தது யாது என்று அறிந்தபின்னரே சொல்லுக்கு இடமுண்டு. தோட்டத்து முதியோர் உதவி செய்தவரை 'நல்லா இருக்கணும்' என வாழ்த்துவரேயன்றி, நன்றி என்ற சொல்லை அதிகம் வழங்கார். அறிந்த நெஞ்சிற்கு அதுவே போதும்.

யப்பானியம் பயிலும் இளைஞர் 'அரிகாதோ'வும் 'சுமிமாசென்'னும் செவ்வனே கற்கட்டும். மலைநாட்டு மக்களை நோக்கி இந்நாடு கூறவேண்டிய சொல் எது என்று அவர்கள் வினவினால், நான் காட்டுவது இரண்டாவதையே. அக்கடன் இன்னும் தீரவில்லை.