சாட்சிப் படி: ஒரு சரித்திரக் குறிப்பு

லாரி டிரைவருக்குப் பேட்டா கொடுக்காமல் சரக்கு அனுப்ப எந்த வியாபாரியும் துணியமாட்டான். ஆனால் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லுகிறவருக்கு வழிச்செலவு கிடைத்ததா என்று நம்மில் யாரும் கேட்பதில்லை. இதற்கும் ஒரு சரித்திரம் உண்டு.

வெள்ளைக்காரர் காலத்தில் வந்த 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 544-ஆம் பிரிவு, புகார்தாரருக்கும் சாட்சிக்கும் ஆகும் நியாயமான செலவை அரசாங்கம் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம் என்றது. 'தக்கதென்று நீதிமன்றம் கருதினால்' என்று ஒரு நிபந்தனையும் வைத்தது. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 312-ஆம் பிரிவாயிற்று. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 350-ஆம் பிரிவு. எண் மாறிக்கொண்டே வந்தது. 'கருதினால்' அப்படியே நிற்கிறது.

உரிமையியல் வழக்கில் முறை வேறு. 1908-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆம் ஆணைப்படி, சாட்சியை அழைக்கிற கட்சிக்காரர் செலவுப் பணத்தை முன்னதாகவே கோர்ட்டில் கட்டவேண்டும். நிபுணர் என்றால் சாட்சி சொல்லும் நேரத்துக்கும், அதற்காக அவர் செய்த ஆய்வு வேலைக்கும் நியாயமான ஊதியம் உண்டு. சொந்தப் பணம் என்பதால் கட்சிக்காரர் கணக்குப் பார்ப்பார். அரசாங்கப் பணத்தை யார் பார்ப்பது? அதிகம் கொடுத்தால் சாட்சியை விலைக்கு வாங்கினதுபோல் ஆகும். கொடுக்காவிட்டால் சாட்சி வராமலே போவார், குற்றவாளி தப்புவான்.

செதல்வாட் தலைமையிலான சட்ட ஆணையம் 1958-இல் தன் 14-ஆம் அறிக்கையில் சாட்சிகள் படும் சிரமத்தை எடுத்துச் சொன்னது. 2000-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் அழுத்தமாகவே பேசியது. சாட்சி விசாரிக்கப்பட்ட நாளுக்கு மட்டுமல்ல, வாய்தா போட்ட ஒவ்வொரு நாளுக்கும் படி கொடுக்கவேண்டும். உடனே கொடுக்கவேண்டும், தேவையானால் அனுப்பியும் வைக்கவேண்டும். கீழ்நிலை ஊழியர்கள் அலைக்கழிக்காதபடி உயர் நீதிமன்றங்கள் விழிப்பாக இருக்கவேண்டும் என்றது. 2003-இல் மாலிமத் குழுவும் படி விகிதத்தைத் திருத்தச் சொன்னது.

வெளிமாநிலத்தில் இருக்கும் நம்மவருக்கு ஊர் வழக்கில் சம்மன் வருவது புதிதல்ல. போனால் டிக்கெட்டைப் பத்திரமாக வையுங்கள். வாய்தா போட்டாலும் அன்றைக்கே படி கேளுங்கள். பணத்தை எண்ணி வாங்கின பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுச் சீட்டில் போடாதீர்கள். மேற்பார்வை என்பது அந்தக் கையெழுத்தில்தான் ஆரம்பமாகிறது.

சமண இல்லறத்தாராகிய எங்களுக்கு வாய்மை ஐந்து அணுவிரதங்களில் ஒன்று. அதற்குக் கூலி கேட்கக்கூடாதுதான். ஆனால் ரயில் சத்தம் கூலி ஆகாதே!