மின்னஞ்சல் அனுப்புநர் சரிபார்ப்புப் பதிவுகள்

ஒரு டொமைன் பெயரில் மின்னஞ்சல் அனுப்பும் உரிமை யாருக்கு உண்டு என்பதை, அதன் உரிமையாளர் இணையப் பெயர்களின் பொதுப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் அறிவித்து வைக்கும் பதிவுகள் இவை. 1982இல் வரையறுக்கப்பட்ட, மின்னஞ்சல் அனுப்புவதற்கான எஸ்எம்டிபி நெறிமுறை, அனுப்புபவர் சொல்லும் முகவரியை அப்படியே நம்பியது. வங்கியின் பெயரில் யார் வேண்டுமானாலும் அஞ்சல் அனுப்பலாம் என்ற நிலை அதனால் வந்தது. அதைச் சரிசெய்யப் பிற்பாடு சேர்ந்தவையே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க்.

எஸ்பிஎஃப் என்பது அனுமதி பெற்ற சர்வர்களின் பட்டியல். டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். புதிய சேவை ஒன்றில் சேர்ந்ததும், அது தந்த வரியை இரண்டாவது பதிவாக ஒட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அதன்பின் இரண்டுமே செல்லாது. இருக்கும் வரிக்குள்தான் புதியதைச் சேர்க்க வேண்டும். சரிபார்க்கையில் தேவைப்படும் டிஎன்எஸ் தேடல்கள் 10ஐத் தாண்டினாலும் பிழைதான். ஒரு சேவையின் பதிவு வேறு பதிவுகளைச் சுட்டினால் அவையும் இந்தக் கணக்கில் சேரும்.

டிகிம், அஞ்சலில் மறைகுறியீட்டுக் கையொப்பம் இடுகிறது. தனிச்சாவி அனுப்பும் சர்வரில் இருக்கும். பொதுச்சாவி, செலக்டர் என்ற பெயரின்கீழ் டிஎன்எஸ்ஸில் இருக்கும். சேவைக்கொரு செலக்டர் வைத்துக்கொள்ளலாம். 2048 பிட் சாவி, ஒரு டெக்ஸ்ட் சரத்துக்கான 255 எழுத்து வரம்புக்குள் அடங்காது; துண்டுகளாகப் பிரித்து இட வேண்டும். கையொப்பம் தவறும்போது முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இவ்விரண்டும் தேறினாலும் ஏமாற்று நின்றுவிடாது. எஸ்பிஎஃப் பார்ப்பது வாசகர் காணும் அனுப்புநர் முகவரியை அன்று, பின்னணியில் உள்ள திரும்பும் முகவரியை. ஒரு ஜவுளிக்கடை தன் தீபாவளிச் சலுகை அஞ்சலை வெளிச்சேவை ஒன்றின் வழியே அனுப்புவதாகக் கொள்வோம். திரும்பும் முகவரி அந்தச் சேவையின் டொமைனில் இருந்தால் எஸ்பிஎஃப் தேறும். ஆனால் தேறியது சேவையின் பெயர், கடையின் பெயரன்று. 2015இல் ஆவணமாக வெளியான டிமார்க் இதைத்தான் கவனிக்கிறது: எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது தேறி, அந்த டொமைன் கண்ணுக்குத் தெரியும் டொமைனோடு பொருந்த வேண்டும். கடையின் பெயரிலேயே டிகிம் கையொப்பம் இடும்படி அச்சேவையில் அமைத்துவிட்டால் சிக்கல் தீரும்.

தேறாத அஞ்சலை என்ன செய்வது என்பதையும் டிமார்க் சொல்கிறது: எதுவும் செய்யாதே, ஸ்பேமில் போடு, நிராகரி. முதல் நிலையில் தொடங்கி, பெறும் நிறுவனங்கள் அனுப்பும் தொகுப்பு அறிக்கைகளைச் சில வாரங்கள் படிப்பது நல்லது. சம்பளச் சீட்டு அனுப்பும் மென்பொருள், இணையதளத்தின் விண்ணப்பப் படிவம் என மறந்துபோன அனுப்புநர்கள் அதில்தான் வெளிப்படுவார்கள். எடுத்த எடுப்பில் நிராகரிப்பை வைத்தால் சொந்த அஞ்சல்களே காணாமல் போகும்.

அஞ்சல் வேறொரு முகவரிக்குத் திருப்பிவிடப்படும்போது எஸ்பிஎஃப் பெரும்பாலும் தவறிவிடும். உள்ளடக்கம் மாறாதவரை டிகிம் நிற்கும். எனவே எஸ்பிஎஃப்பை மட்டும் நம்பியிருப்பது போதாது. ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புவோர் மூன்றையும் அமைத்திருக்க வேண்டும் என்பது 2024 பிப்ரவரி முதல் கூகுளின் விதி. அஞ்சலே அனுப்பாத டொமைனுக்கும் பதிவு தேவை: யாருக்கும் அனுமதியில்லை என்று எஸ்பிஎஃப்பிலும், நிராகரி என்று டிமார்க்கிலும் எழுதி வைத்தால் போதும்.