கெரெயும் ஏரியும்

பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதில் தெற்கு நோக்கிப் போனால் ஹொங்கசந்திரா, சிங்கசந்திரா, பொம்மசந்திரா என மூன்று நிலையங்கள் வரும். இந்தச் ‘சந்திரா’வுக்கும் நிலவுக்கும் உறவில்லை. சமுத்திரம்தான் மக்கள் நாவில் தேய்ந்து சந்திரா ஆனது. ஏரி ஒன்றை வெட்டிக் கடல் என்று பெருமையாக அழைத்தார்கள். அதை நம்பி எழுந்த ஊருக்கும் அந்தப் பெயரே நிலைத்தது.

சமுத்திரம் வடசொல். ஏரிக்குக் கன்னட மண்ணின் சொந்தச் சொல் கெரெ. கன்னடத்தில் ககரத்தில் தொடங்கும் பல சொற்கள் தமிழில் சகரத்தில் தொடங்கும்: கிவி–செவி, கெம்பு–செம்மை. அந்த ஒழுங்கில் கெரெக்கு நேரான தமிழ்ச்சொல் சிறை. மலையாளத்தில் சிற, தெலுங்கில் செருவு. சிறை என்றதும் இன்று கைதிதான் நினைவுக்கு வருகிறார். ஆனால் தடுத்து நிறுத்துவதே அதன் அடிப்பொருள். வெள்ளத்தை மறிக்கும் கல் தடுப்பைக் ‘கற்சிறை’ என்கிறது தொல்காப்பியம்.

இன்னொரு வியப்பும் உண்டு. கன்னடத்தில் ‘ஏரி’ என்றால் நீர்நிலை அல்ல, அதன் கரை. அவர்கள் கரைக்கு வைத்திருக்கும் சொல்லால் நாம் நீரைக் குறிக்கிறோம். நமக்கு அணையாக நின்ற சொல் அவர்களிடம் நீராக நிற்கிறது. கரையும் நீரும் ஒன்றுக்கொன்று பெயர் மாற்றிக்கொள்ளும் அளவுக்கு இரண்டையும் ஒன்றாகவே கண்டது இந்த நிலம். மனிதர் கரை போட்டதால்தான் அங்கே நீர் நின்றது.

பெங்களூருக்கு அந்தக் கரை இல்லாமல் வாழ்வில்லை. சுமார் 900 மீட்டர் உயர மேட்டில் அமர்ந்த நகரம். வற்றாத ஆறு கிடையாது. பெய்யும் மழை மேற்கே விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்கும், கிழக்கே நம் தென்பெண்ணைக்கும் ஓடிவிடும். அதனால் சரிவு நெடுக ஏரிகளைச் சங்கிலியாகக் கட்டினார்கள். தூம்பைத் திறந்தால் வயலுக்கு நீர். ஏரி நிரம்பிக் கோடி போனால் அடுத்த ஏரிக்கு நீர். நம் தூம்பு அங்கே தூபு. கோடி இரு மொழியிலும் கோடியே.

1890களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்நீர் வந்தது. 1974இல் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரியே மேடேறி வந்தது. குழாய்நீர் கிடைக்கத் தொடங்கிய பின், ஊருக்குள் இருந்த கெரெ காலி மனையாகத் தெரியத் தொடங்கியது. தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பேருந்து நிலையமானது. அம்புதி என்றாலும் கடல்தான். சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமானது. அதன் ஓரத்தில் சிறு குளம் ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது. பூந்தோட்டமும் காய்கறியும் வளர்த்து வாழ்ந்த திகளர் சமூகத்தார், கரகத் திருவிழாச் சடங்குக்கு இன்றும் அந்தக் குளத்துக்கே வருகிறார்கள்.

பெயர்கள் பிழைத்தன, கரைகள் போயின. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், சர்ஜாபூர் சாலைப் பகுதிகளில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. ஏரியையும் ஏரியையும் இணைத்த ராஜகாலுவெ என்ற கால்வாய்களை அடைத்துக் கட்டடம் எழுப்பியதன் விளைவு அது. 2024 கோடையில் அதே நகரம் லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தது. நீரை நிறுத்திவைக்கும் இடம் இல்லாத ஊரில் வெள்ளமும் வறட்சியும் மாறி மாறித்தான் வரும்.

பெங்களூரில் வீடோ மனையோ தேடும் தமிழர் ஏராளம். ஊர்ப்பெயரில் கெரெ, கட்டெ, குண்டெ, சந்திரா என்று நீர்நிலைச் சொல் வந்தால் பத்திரத்தோடு பழைய வருவாய்த்துறை வரைபடத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். காலுவெ எந்தப் பக்கம் ஓடியது என்று அங்குள்ள முதியவர்களிடம் விசாரியுங்கள். நீரின் வழியில் வீடு கட்டாதிருப்பதும், மிஞ்சிய ஏரிகளைக் காக்கக் குரல் கொடுப்பதும் அங்கே குடியேறும் ஒவ்வொருவரின் கடமை.