பதினைவர் நடந்த பாதை

ஊர்வலம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது என்ன? முரசு முழங்கும், கொடி பறக்கும், கூட்டம் அலைமோதும். எண்ணிக்கையைக் கொண்டே ஊர்வலத்தை எடைபோட்டுப் பழகிவிட்டோம் நாம். பல்லாயிரவர் திரண்டால் வெற்றி. சில நூற்றுவர் வந்தால் தோல்வி! இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு, 1999-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 2-ஆம் நாள் கல்கத்தா நகரில் நடந்த ஓர் ஊர்வலத்தை அளந்தால் நகைப்புத்தான் பிறக்கும். அன்று நடந்தவர்கள் பதினைந்தே பேர்!

மஞ்சள் சட்டை அணிந்த அப்பதினைவர், தன்பாலீர்ப்பினரின் உரிமைக்காக நகர வீதியில் இறங்கினர். ஆணை விரும்பும் ஆணும், பெண்ணை விரும்பும் பெண்ணும் மனிதரே. அவர்க்கும் மானம் உண்டு, வாழ்வு உண்டு என்று சொல்ல வந்தனர். கல்கத்தாவினர் சிலர்; பம்பாய், பெங்களூர் போன்ற நகரங்களிலிருந்து வந்தவர் சிலர். தம் நடைக்கு அவர்கள் சூட்டிய பெயர் 'நட்பு நடை'. இந்தியாவில், ஏன், தெற்காசியாவிலேயே இவ்வகையில் நடந்த முதல் ஊர்வலம் அதுவே.

பதினைந்து பேர் நடந்ததில் என்ன வியப்பு என்று கேட்பீர்கள். அவர்கள் எந்த ஊரில், எந்தச் சட்டத்தின் நிழலில் நடந்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள், வியப்பு விளங்கும்.

1533-ஆம் ஆண்டில் இங்கிலாந்தை ஆண்ட எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில், இத்தகைய உறவுக்குத் தூக்குத் தண்டனை என ஒரு சட்டம் எழுதப்பட்டது. அந்த மனப்பான்மை கப்பலேறி இங்கு வந்தது. மெக்காலே பிரபு தலைமையில் அமைந்த சட்டக் குழு 1837-இல் தண்டனைச் சட்டத்தின் முன்வடிவை அளித்தது. பின்னர் பல கைகள் திருத்தி, 1860-இல் அது இந்தியத் தண்டனைச் சட்டமாயிற்று. அதன் 377-ஆவது பிரிவு, 'இயற்கைக்கு மாறான' உறவு என்று பெயரிட்டு, ஆயுள் தண்டனை வரை விதிக்க வழி வகுத்தது. அச்சட்டம் நிறைவேறிய நகரம் எது? அன்றைய ஆட்சித் தலைநகராம் கல்கத்தா! சட்டம் பிறந்த ஊரிலேயே, அச்சட்டம் உயிரோடு இருக்கும்போதே, அதன் முகத்துக்கு நேரே நடந்து சென்றனர் பதினைவர். பதினைந்தாயிரவர் கூடும் பல ஊர்வலங்களுக்கு இல்லாத துணிவு அது.

'இதெல்லாம் மேனாட்டு இறக்குமதி, நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதது' என்று முழங்குவோர் உளர். அவர்களை ஒன்று கேட்கிறோம். அன்பு இறக்குமதியா, அதைத் தண்டித்த சட்டம் இறக்குமதியா? அனுப்பிய இங்கிலாந்தே 1967-இல் தன் சட்டத்தைத் தளர்த்திக்கொண்டது. வெள்ளையன் வீசியெறியத் தொடங்கிய விலங்கை, விடுதலை பெற்ற நாம் மேலும் 51 ஆண்டுகள் துடைத்துத் துடைத்துப் பாதுகாத்தோம்! பண்பாட்டுக் காவலர் எவரும் அதற்காக வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

ஊர்வலம் என்னும் முறை நியூயார்க்கில் தோன்றியது உண்மை. 1969-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் பின்னிரவில், ஸ்டோன்வால் என்னும் விடுதியில் காவலர் புகுந்தனர். பணிந்து பழகியவர்கள் அன்று பணியவில்லை, எதிர்த்து நின்றனர். ஓராண்டு நிறைவு நாளில், கிறிஸ்டோபர் தெருப் பகுதியிலிருந்து சென்ட்ரல் பூங்கா வரை ஊர்வலமாக நடந்தனர். 1972-இல் லண்டன் நடந்தது. 1978-இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் கில்பர்ட் பேக்கர் என்னும் கலைஞர் வானவில் கொடியை வடித்தளித்தார். ஆண்டுதோறும் நடக்கும் அவ்வூர்வலத்துக்கு ஆங்கிலத்தில் 'பிரைடு' என்று பெயர்.

அச்சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? செருக்கு எனலாமா? தவறு. பெருமிதம் எனலாமா? போதாது. சென்னையில் நடப்பவர்கள் தேர்ந்த பெயர், 'வானவில் சுயமரியாதைப் பேரணி'. எத்துணைப் பொருத்தம்! பிறரினும் நான் உயர்ந்தவன் என்பது செருக்கு. எவரினும் நான் தாழ்ந்தவன் அல்லன் என்பது சுயமரியாதை. அந்தச் சொல்லின் அருமை நம் மண்ணுக்குத் தெரியும்.

சென்னை முதன்முதலாக 2009-ஆம் ஆண்டு ஜூன் 28-இல் கடற்கரையில் நடந்தது. நான்கே நாள் கழித்து, ஜூலை 2-ஆம் நாள், டெல்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது: வயது வந்தோர் இருவர் மனமொத்துத் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமாகாது! நீதிபதிகள் அஜித் பிரகாஷ் ஷாவும் முரளிதரும் வழங்கிய தீர்ப்பு அது. நாளைக் கவனியுங்கள். பதினைவர் நடந்து சரியாகப் பத்தாண்டு!

ஆனால் பாதை நேராகச் செல்லவில்லை. 2013 டிசம்பர் 11-இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. திறந்த கதவு மீண்டும் அடைபட்டது. நடந்தவர்கள் வீட்டுக்குள் ஒளிந்தனரா? இல்லை, இன்னும் பலராய் நடந்தனர். 2018 செப்டம்பர் 6-ஆம் நாள் நீதிபதிகள் ஐவர் ஒருமனதாக அந்தத் தளையை அறுத்தனர். இம்மக்களிடம் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டுள்ளது என்னும் கருத்தை எழுதினார் நீதிபதி இந்து மல்ஹோத்ரா. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் 377-ஆவது பிரிவுக்கு ஈடான பிரிவு இல்லை.

அப்படியானால் ஊர்வலத்துக்கு இனி என்ன வேலை? இதைப் பலர் கேட்கின்றனர். திருமண உரிமை வேண்டி வந்தோரை, அது சட்டமன்றங்கள் முடிவு செய்ய வேண்டியது என்று 2023-இல் உச்சநீதிமன்றம் திருப்பி அனுப்பிவிட்டது. அதைவிடப் பெரிய வேலையும் மீதம் இருக்கிறது. சட்டத்தை நீதிமன்றம் நீக்கலாம். ஏளனத்தை எந்த நீதிமன்றம் நீக்கும்?

நண்பர்களோடு நாமும் சென்னைப் பேரணியில் நடந்திருக்கிறோம். பறையொலிக்கு ஆடியவர்களைக் கண்டோம். உறவினர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று முகத்தை மூடி வந்தவர்களையும் கண்டோம். மூடிய முகம் ஒவ்வொன்றும் சொல்லியது, சட்டம் செத்தும் அச்சம் சாகவில்லை என்று. நம் வகுப்பறைக்குள் வாருங்கள். நளினமாக நடக்கும் சிறுவனைப் பின்தொடர்ந்து, அவன் நடையைப் போலவே நடந்து காட்டிச் சிரிக்கிறது ஒரு கூட்டம். அவன் நாளடைவில் நடையை மாற்றிக்கொள்கிறான், பேச்சைக் குறைத்துக்கொள்கிறான், பிறகு பள்ளிக்கே வராது நின்றுவிடுகிறான். ஆசிரியர்களாகிய நம்மில் எத்தனை பேர் அச்சிரிப்பைத் தடுத்தோம்?

கல்கத்தாவில் நடந்தவர்கள் 'நட்பு' என்ற சொல்லைத் தேர்ந்தார்கள். உடன் நடக்க ஒருவர் இருந்தால் போதும், ஒளிந்து வாழ்பவன் ஓரடி வெளியே வைப்பான். அந்த ஒருவராக இருப்பதற்கு நாம் தன்பாலீர்ப்பினராய் இருக்கத் தேவையில்லை. நண்பராய் இருந்தால் போதும். ஆண்டுக்கு ஒருமுறை வீதியிலும், ஆண்டு முழுவதும் வகுப்பறையிலும் அவர்தம் பக்கத்தில் நடப்போம், வாரீர்!